ஈரம் காயாத கார்

டுவேன் பிக்ஸ்லர் சட்டையில்லாமல் செத்துக் கிடந்தார்.

அதிலென்ன என்று கேட்பவர்கள் ஒஹையோவில் ஒரு ஜனவரியைக் கழித்துப் பார்க்க வேண்டும். அன்று லைமா ஊர் முழுக்க முழங்கால் அளவு பனி. அந்தக் குளிரில் தன் கராஜுக்குள் வெற்று உடம்போடு உட்கார்கிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை இனிமேல் சளி பிடித்தால் என்ன பிடிக்காவிட்டால் என்ன என்று முடிவு கட்டியவனாக இருக்க வேண்டும். மரண விசாரணை அதிகாரி இரண்டாவதற்குக் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார். தற்கொலை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் டுவேனின் மனைவி லோர்னா. "நான் சொன்னதுனாலதான் அவரு பண்ணிக்கிட்டாரா?"

காப்பிக்குப் பால் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் இதையும் கேட்டாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுத கண்ணாகவும் தெரியவில்லை. கம்பளி ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தாள், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த என் முதலாளி கோரா டெம்ப்ளின் தலையை மட்டும் ஆட்டினாள். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் கஸ். முன்பு பழைய கார் விற்றவன். இப்போது கோராவுக்கு வண்டி ஓட்டுவதும், வாய் சும்மா இருக்காமல் அவளிடம் திட்டு வாங்குவதும் என் வேலை. அன்று எனக்கும் ஜோக் எதுவும் வரவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட மாதிரி வாய் மரத்துப் போயிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் கோரா.

"எங்க அக்கா டூசான்ல இருக்கா. அரிசோனா. அங்க ஒரு ஸ்கூல் சமையலறையில எனக்கு வேலை பேசி வச்சிருக்கா. எனக்கு இந்தக் குளிரு ஆகல, மூட்டெல்லாம் போச்சு. ஒரு வருஷமா கேக்கறேன், போலாம் வாங்கன்னு. 'பாக்கலாம்'பாரு. வேற வார்த்தையே கிடையாது. அன்னைக்குச் சாப்பாட்டு மேஜையில சொல்லிட்டேன், எனக்கு மட்டும் டிக்கெட் போட்டாச்சு, நீங்க உங்க பொம்மைக் காரோடயே குடும்பம் நடத்துங்கன்னு."

"அதுக்கு அவரு?"

"தட்டைக் கழுவி வச்சாரு. 'ஒரு கோட் அடிக்கறது பாக்கியிருக்கு'ன்னாரு. கராஜுக்குப் போயிட்டாரு. நான் கோவத்துல போய்ப் படுத்துட்டேன். காலையில வெண்டல் வந்து கதவைத் தொறந்தாரு."

வெண்டல் ஷூப் டுவேனின் பள்ளிக்கூடக் காலத்து சிநேகிதர். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய் முட்டையும் அப்பமும் தின்பது வழக்கம். அப்படிக் கூப்பிட வந்தவர்தான் முதலில் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவர்தான்.

போலீஸ் கண்டவற்றை லோர்னா மனப்பாடமாக ஒப்பித்தாள். கதவு இடுக்குகளில் உள்பக்கமாக டேப் ஒட்டியிருந்தது. காற்றாடியை நிறுத்தி அதன் ஓட்டையில் துண்டை அடைத்திருந்தது. கேஸ் ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்திருக்கிறது. அடைத்த அறையில் அதன் புகைதான் ஆளைக் கொன்றது. அந்தப் புகை வந்தால் கத்த வேண்டிய அலாரத்தில் பேட்டரி இல்லை.

"அலாரத்துக்குப் பேட்டரி மாத்தறது நான்தான்," என்றாள். "நவம்பர்ல ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைக்கிற அன்னைக்கு வீட்டுல இருக்கற எல்லாத்துக்கும் மாத்துவேன். மாத்தினது தெரியறதுக்காக நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வைப்பேன். நான் புள்ளி வச்ச பேட்டரியைக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்காரு பாருங்க."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. மறுபடி சரியாகிவிட்டது.

கராஜை யாரும் தொடவில்லை. சுவர் நிறைய அலமாரி, அலமாரி நிறைய உள்ளங்கை நீளக் கார்கள். எல்லாம் டிராக் பந்தயக் கார்கள். அந்தப் பந்தயத்தில் வளைவே கிடையாது. கால் மைல் நேர் ரோடு, இரண்டு கார், மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். அந்த அசுரக் கார்களைத்தான் டுவேன் குட்டியாகச் செய்துகொண்டிருந்தார். கடையில் விற்கும் பெட்டியை வாங்கி ஒட்டுகிற ஜாதி இல்லை அவர். பித்தளைக் குழாயை வளைத்துச் சட்டம் செய்வார், பிளாஸ்டிக் தகட்டைச் சீவிக் கதவு செய்வார்.

மேஜையில் கடைசிக் கார் பாதியில் நின்றது. அடிச்சட்டம், கொழுத்த பின்சக்கரங்கள், கட்டைவிரல் நக அளவில் எஞ்சின். அந்த எஞ்சினுக்குத் தலைமயிர் தடிமனில் ஒயரெல்லாம் இழுத்திருந்தார்.

"மேடம், இதுக்கு ஆயில் மாத்தணும்னா கொசுவைத்தான் வேலைக்கு வைக்கணும்," என்றேன்.

"கஸ், மேல்கூடு எங்க?"

"என்னது?"

"எஞ்சின் இருக்கு, சக்கரம் இருக்கு. மேல மூடற உடம்பு எங்க? பெயின்ட் அடிக்கிற துப்பாக்கியைப் பாரு. கிண்ணத்துல பூச்சு அப்படியே காஞ்சு போயிருக்கு. அன்னைக்கு எதுக்கோ அடிச்சிருக்காரு. எதுக்கு அடிச்சாரு?"

ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து மேஜையை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். நானும் குனிந்தேன். மேஜை மேல் மெல்லிய பளபளப்பு படிந்திருந்தது, ஸ்ப்ரே அடிக்கும்போது பறந்து விழுகிற துளி. அதன் நடுவில் இரண்டு சின்னச் சதுரங்கள் மட்டும் மங்கலாக இருந்தன.

"ஏதோ ஒரு ஸ்டாண்டோட ரெண்டு கால் இங்க நின்னிருக்கு," என்றாள். "ஸ்ப்ரே அடிச்ச பிறகு யாரோ அதைத் தூக்கியிருக்காங்க. லோர்னா குடுத்த போலீஸ் போட்டோவிலேயும் அது இல்ல."

"அப்ப திருட்டா? வாசல்ல நிக்கிற நிஜக் காரை விட்டுட்டுப் பொம்மைக் கார் மூடியைத் தூக்கிட்டுப் போறவனை நான் பாத்ததே இல்ல மேடம். கொலைகாரன்னா ஒரு தரம் வேண்டாமா?"

கோரா கதவுக்குப் போய்விட்டிருந்தாள். இடுக்கில் ஒட்டியிருந்த டேப்பை விரலால் தடவினாள். மஞ்சள் நிறம், மெல்லிசு, மூலைகளில் பிளேடு வைத்து வெட்டி அளவாக ஒட்டியது. "கடைசித் தடவையா ஒட்டறவன் மூலைக்கு மூலை இப்படி அழகு பாப்பானா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கதவருகே ஒரு வாளியும் ஸ்பாஞ்சும் இருந்தன. போலீஸ் போட்டோவில் தரை ஈரமாக இருந்ததைக் காட்டினாள். பூட்ஸில் வந்த பனி உருகியது என்று குறித்திருந்தார்கள். ஆனால் ஈரம் சுவரோரம் வரை ஒரே சீராகப் பரவியிருந்தது.

"தரையைத் துடைச்சு, சட்டையைக் கழட்டி, அளவா டேப் ஒட்டி, கதவைச் சாத்தியிருக்காரு," என்றாள். "சாகறதுக்கு முன்னாடி ஏன் வீடு துடைக்கணும்?"

அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

வெண்டல் அன்று பக்கத்து ஊரான ஃபின்லேயில் இருப்பதாக லோர்னா சொன்னாள். மாடல் கார்காரர்களின் வருடாந்திரப் போட்டி. டுவேன் எந்த வருஷமும் விட்டதில்லையாம். வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் வெள்ளை வயல். வானமும் அதே வெள்ளை. கோரா ரேடியோவைப் போட்டாள், உடனே நிறுத்தினாள்.

முன்னாள் ராணுவத்தார் மன்றத்தின் கூடத்தில்தான் போட்டி. நீள மேஜைகளில் வெள்ளைத் தாள் விரித்து, அதன் மேல் நூற்றுக்கணக்கில் குட்டிக் கார்கள். அவற்றைச் சுற்றி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நடக்கிற பெரிய பெரிய ஆண்கள். இங்கே எதையும் தொடக் கூடாது. ஒரு காரைப் பார்த்து நான் விரலை நீட்டியதும் வாசல் மேஜைக்காரி அதட்டினாள்.

"யோவ், கை! கையைப் பின்னால கட்டு!"

ஓப்பல் என்று மார்பில் பெயர் குத்தியிருந்தாள். பருத்த உருவம், உதட்டில் சாஸ். பக்கத்தில் அவள் செய்த கார் ஒன்று, முகம் பார்த்துப் பொட்டு வைக்கிற அளவு பளபளப்பு.

"இந்த மினுமினுப்பு எப்படிங்க வருது?" என்றாள் கோரா.

"பாத்ரூம்," என்றாள் ஓப்பல்.

"பாத்ரூமா?"

"ஆமா. வெந்நீரைத் தொறந்து விட்டா ஆவியில தூசியெல்லாம் கீழ உக்காந்துடும். அப்புறம் தரையைத் துடைச்சு, ஜன்னலைச் சாத்தி, கதவு இடுக்கையெல்லாம் அடைச்சிடுவேன். ஃபேன் போடவே கூடாது. அப்புறம் பொறந்த மேனிக்கு நின்னு அடிப்பேன்."

எனக்கு இருமல் வந்துவிட்டது. "ஏம்மா, கார் பாத்தா வெக்கப்படாதா?"

"சிரிப்பு வருதா உனக்கு? ஸ்வெட்டர்லேர்ந்து ஒரு பஞ்சு இழை ஈரப் பூச்சுல விழுந்துச்சுன்னா ஒரு மாச வேலை நாசம். இங்க இருக்கற பாதிப் பேரு ஜட்டியோட நின்னுதான் அடிக்கிறான். கேட்டுப் பாரு, ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்."

"குளிர் காலத்துல?" என்றாள் கோரா மெதுவாக.

"ஹீட்டரை நல்லா ஏத்தி விடணும். குளிர்லயும் ஈரக் காத்துலயும் அடிச்சா பூச்சு பால் மாதிரி வெளுத்துடும்."

கோரா என் கையைப் பிடித்துச் சுவரோரம் இருந்த மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளும் உட்கார்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"சட்டை, தரை, டேப், துண்டு, ஹீட்டர்," என்றாள். "எல்லாம் தூசிக்காக, கஸ். அந்த ஆளு சாகறதுக்குக் கதவைச் சாத்தல. தூசி வராம இருக்கச் சாத்தினாரு."

நான் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். போலீஸ், விசாரணை அதிகாரி, மனைவி, எல்லோரும் ஒரு தற்கொலையைப் பார்த்தார்கள். இந்தக் கூடத்திலிருந்து எவனையாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தால், பெயின்ட் அடிக்க ஆயத்தம் செய்திருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லியிருப்பான்.

"அப்ப பேட்டரி?" என்றேன்.

"அதான் உதைக்குது. பேட்டரியைக் கழட்டறதுக்கும் தூசிக்கும் சம்பந்தமில்ல. அது ஒண்ணு இருந்தாலே தற்கொலைங்கற தீர்ப்பு நிலைச்சுடும். பேட்டரியும் இல்ல, மேல்கூடும் இல்ல. ரெண்டும் ஒரே வழியாப் போயிருக்குன்னு நினைக்கிறேன். இதே பைத்தியம் பிடிச்ச ஒரு ஆளுதான் அந்தக் கதவை முதல்ல தொறந்தாரு."

வெண்டல் ஷூப் கடைசி மேஜையில் இருந்தார். ஒல்லி உடம்பு, காதில் கருவி, சட்டைப் பையில் சாமணம். கோரா தன் பெயரைச் சொல்லி, லோர்னா அனுப்பியதாகச் சொன்னாள். அவர் கண் ஒரு தடவை மேஜைக்கு அடியில் போய் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். அங்கே பழைய போர்வை சுற்றிய ஒரு அட்டைப்பெட்டி.

"பரிசுக்காகத்தானே?" என்றேன். எனக்கு அப்போது நிஜமாகவே கோபம். "செத்துக் கிடக்கறவன் பக்கத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து, உம்ம பேருல வைக்கத்தானே பாத்தீரு?"

அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"பரிசா?" என்றார். "எடுத்தது நான்தான். ஆனா... ஈரமா இருந்துச்சுங்க."

"என்ன ஈரம்?"

"பூச்சு. முழுசாக் காய ரெண்டு நாள் ஆகும். அவனைத் தொட்டுப் பாத்தேன், வெறைச்சுக் கிடந்தான். போயிட்டான்னு தெரிஞ்சுது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். திரும்பிப் பாத்தா அது சுத்திக்கிட்டு இருந்துச்சு. பூச்சு ஒழுகாம இருக்க நாங்க கூட்டை ஒரு ஸ்டாண்டுல மாட்டி மெதுவாச் சுத்த விடுவோம். அவன் கிடக்கான், அது பாட்டுக்குச் சுத்துது. இப்ப வந்துடுவாங்க, பெரிய கதவைத் தொறப்பாங்க, காத்து அடிக்கும், பத்துப் பேரு பூட்ஸோட நடப்பான். அவன் இந்தக் கூட்டுக்காக ரெண்டு வருஷம் உழைச்சான். கூரையை அறுத்து இறக்கினான், மூக்கை நீட்டினான். என்னால அவனுக்கு வேற என்ன செய்ய முடியும்? சுத்தறதை நிறுத்தாம அப்படியே தூக்கி, பெட்டியைக் கவுத்து மூடி, என் வேன்ல வச்சுட்டேன். இன்னைக்கு அவன் பேருலயே இங்க வைக்கலாம்னு கொண்டு வந்தேன், தைரியம் வரல."

சிநேகிதன் பிணமாகக் கிடக்கும்போது ஈரப் பெயின்டைக் காப்பாற்றியிருக்கிறார் மனுஷன். திட்டுவதா தோளில் தட்டிக்கொடுப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? லோர்னாகிட்ட என்னன்னு சொல்வேன்?"

"டேப்பும் துண்டும் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமே," என்றாள் கோரா. "உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தற்கொலைன்னு அவங்க எழுதினப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"முதல்ல நம்பல. நானும் டேப் ஒட்டறவன்தானே. அப்புறம் அலாரத்துல பேட்டரி இல்லன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சரி, அப்ப அவன் வேணும்னுதான் பண்ணியிருக்கான்னு விட்டுட்டேன்."

"அந்த ஸ்டாண்டு எதுல சுத்துது?"

"கரன்ட்லதான். அடாப்டர் வச்சிருந்தான். அது எரிஞ்சு போச்சு, வேற வாங்கணும்னு அந்த வாரம் சொல்லிக்கிட்டு இருந்தான்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கோரா பெட்டியை மேஜை மேல் எடுத்து வைத்தாள். போர்வையை அவரே விலக்கினார். ஸ்டாண்டின் அடியில், ஒயர் சுற்றிய சதுரமான பேட்டரி ஒன்று. அதன் தலையில் சிவப்பாக ஒரு நெயில் பாலிஷ் புள்ளி.

வெண்டல் உட்கார்ந்துவிட்டார்.

"என் வேன்லயே இருந்திருக்கு," என்றார். "அவன் பண்ணிக்கலைங்கறதுக்கு சாட்சி இத்தனை நாளா என் வேன்ல இருந்திருக்கு. நான் அடியில திருப்பிக்கூடப் பாக்கல."

நான் காரைப் பார்த்தேன். வேறு பக்கம் பார்க்க வேண்டும்போல இருந்ததால்தான் பார்த்தேன். கருநீலம், பக்கவாட்டில் தணல் நிறக் கோடு, ஒரு தூசி இல்லை. கதவில் சின்ன எழுத்தில் டுவேன் பிக்ஸ்லர் என்று இருந்தது. அதற்குக் கீழே ஊர்.

"மேடம், இதைப் படிங்க."

கோரா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "டிராக் கார்ல ஊர்ப் பேரு எதுக்குப் போடறாங்க?" என்று வெண்டலிடம் கேட்டாள்.

"ஓட்டறவனோட சொந்த ஊருங்க. எல்லாக் கார்லயும் போடுவாங்க. டுவேன் எப்பவும் லைமா, ஒஹையோன்னுதான் போடுவான், சின்ன வயசுலேர்ந்து. இதுல வேற ஊரு. ஏதோ பழைய கார் ஒண்ணைப் பாத்துச் செய்யறான் போலிருக்குன்னு நினைச்சேன்."

"இந்த எழுத்து பூச்சுக்கு அடியில இருக்கா, மேலயா?"

"அடியில. எழுத்தை ஒட்டி, ரெண்டு மூணு நாள் காய விட்டு, அப்புறம்தான் மேல அடிக்கணும்."

"அப்ப அந்தச் சண்டைக்கு முன்னாடியே," என்றாள் கோரா, என்னைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

நாங்கள் திரும்பியபோது லோர்னா அதே நாற்காலியில் இருந்தாள். வெண்டலும் கூட வந்தார். தானே சொல்ல வேண்டும் என்றார், வாசலுக்கு வந்ததும் முடியவில்லை. கோராதான் சொன்னாள். ஒன்று விடாமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள். பேட்டரியை மேஜையில் வைத்தாள். தீர்ப்பை மாற்ற இது போதும் என்றாள். லோர்னா அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். "ம்," என்றாள். கரன்ட் பில்லைப் பார்க்கிறவளுக்குக்கூட அதைவிட முகம் மாறும்.

கோரா காரை அவள் முன்னால் வைத்து, கதவைத் திருப்பிக் காட்டினாள்.

லோர்னா படித்தாள். உதடு அசைந்தது. டூசான், அரிசோனா. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அங்க முழுக்கப் பாலைவனம்," என்றாள். "வாசலைத் தொறந்தா வீடு பூரா புழுதி. அக்கா தினம் அதைச் சொல்லித்தான் புலம்புவா. அங்க வந்து இவரு எப்படிப் பெயின்ட் அடிச்சிருப்பாரு?"

சிரித்தாள். நிஜமான சிரிப்புதான், வயிற்றிலிருந்து வந்தது. நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். சிரிப்பு நடுவில் அறுந்து போனது.

"காஞ்சப்புறம் காட்டலாம்னு இருந்தியா?" என்றாள். எங்களிடம் இல்லை. "இதைக் கொண்டு வந்து மேஜையில வச்சு, நான் தானாப் பாத்துக்கணும்னு இருந்தியா? சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே, டுவேன். நானும் வரேன்டின்னு. ரெண்டே வார்த்தை. வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா பாவி!"

காரை அப்படியே கையால் அள்ளினாள். ஐந்து விரலும் பளபளப்பில் அழுந்த, கம்பளி ஸ்வெட்டரோடு சேர்த்து மார்பில் வைத்து இறுக்கினாள். உள்ளே ஏதோ மெல்லிய பிளாஸ்டிக் முறிகிற சத்தம் கேட்டது. வெண்டலின் கை தானாக முன்னே நீண்டது. பாதி வழியில் நிறுத்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.